கேஸ் தெரிந்த மனுஷன்

“அடுப்புக்கும் அண்டாவுக்கும் வித்தியாசம் தெரியுமா, தங்கச்சி?” என்று போன தீபாவளியன்று பத்துப் பேர் நடுவில் கணேசமூர்த்தி மல்லிகாவைக் கேட்டார். அவள் பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாவம், தெரியாது போலிருக்கிறது என்று அன்றைக்கே அவர் முடிவு கட்டிவிட்டார்.

இன்று அதே மல்லிகா கேஸ் அடைத்த இரும்புத் தோம்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருப்பதைக் கணேசமூர்த்தி பார்த்தார். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

அவர்கள் நின்றது, காஜா பெராங் சாலையோரம் சக்கரம் கழற்றி நிறுத்திய ஒரு பழைய பஸ்ஸுக்குள். ஆறு வருஷம் கூடையில் இட்லி சுமந்து தெருத்தெருவாக விற்றவள், அதன் இருக்கைகளைப் பிடுங்கி, துருவைச் சுரண்டி, பச்சைச் சாயம் அடித்து இட்லி விற்கும் ஒட்டுக்கடையாக்கியிருந்தாள். தவளைக்குச் சட்டை தைத்த மாதிரி இருக்கிறது என்று கணேசமூர்த்தி வந்ததும் சொன்னார்.

அடுப்பும் பழசு. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கையோடு கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுவிட்டுப் போனது. கணேசமூர்த்தியோ அப்படிப்பட்ட ஒரு துரை பங்களாவின் குசினியில் பன்னிரண்டு வருஷம் சமையல் வேலை பார்த்தவர். குடும்பத்தில் கேஸ் என்றால் அவர்தான்.

அதனால் அடுப்பை அவர் மாட்டிக் கொடுப்பது, மாட்டியதும் பஸ் சாவி அவர் கைக்கு வருவது, லைசென்ஸும் அவர் பேரில் எடுப்பது என்று பேச்சு. அவருடைய மைத்துனனும் மல்லிகாவின் புருஷனுமான சுப்பையன், கேஸுக்குப் பயந்து எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லிவிட்டான். மல்லிகாவை யாரும் கேட்கவில்லை.

“அண்ணே, புதுக் குழாய் வாங்கி வச்சிருக்கேன்” என்றாள்.

“அதக் கொண்டுபோய்ச் செடிக்குத் தண்ணி ஊத்து. இது பங்களா குழாய், இங்கிலீஷ் சாமான்.” அடுப்போடு வந்திருந்த, அங்கங்கே வெடித்த ரப்பர் குழாயின் ஒரு முனையை அடுப்பிலும் மறு முனையைத் தோம்பிலும் சொருகினார். இரண்டு பக்கமும் கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கினார்.

“மொதல்ல சோப்புத் தண்ணி தடவிப் பாக்கணும்னு கேஸ் கடைக்காரர் சொன்னாரு. கொப்புளம் வந்தா ஓட்டையாம். நெருப்பு மட்டும் காட்டவே கூடாதாம். கேஸு கீழ போய்த் தங்கும், படிக்கதவத் தொறந்து வைங்கன்னாரு.”

“கீழ போறதுக்குக் கேஸு என்ன பாறாங்கல்லா? தோம்பு தூக்குறவன் உனக்கு வாத்தியாரு. ஏன்டா சுப்பையா, உன் பொண்டாட்டி அடுப்புக்கு சோப்புப் போட்டுக் குளிப்பாட்டப் போறாளாம். தலைக்கா, ஒடம்புக்கான்னு கேளு.”

சுப்பையன் சிரித்தான். சிரிக்காவிட்டால் மச்சானுக்கு முகம் வாடிவிடும்.

“சரி, தோம்பத் தொற. திருகத் தெரியுமா, இல்ல அதுக்கும் நானே குனியணுமா?”

மல்லிகா குனிந்தாள். வளையல்கள் தோம்பில் உரசிச் சத்தம் போட்டன. நிமிர்ந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

கணேசமூர்த்தி அடுப்புக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடி மூச்சை ஆழமாக இழுத்தார்.

“லேசா வாடை வருதா? வரணும். அதான் நல்ல கேஸுக்கு அடையாளம். தெரியாதவன் இதுக்கே அலறியடிச்சு ஓடுவான்.”

சுப்பையனும் இழுத்துப் பார்த்தான். அவனுக்கு வந்ததெல்லாம் பச்சைச் சாயத்தின் வாடைதான். இருந்தாலும் தலையாட்டி வைத்தான்.

கணேசமூர்த்தி சட்டைப்பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார். சுப்பையன் தன்னையறியாமல் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தான். மல்லிகா நின்ற இடத்திலேயே நின்றாள். “வேணாம்ண்ணே” என்று கெஞ்சுவாள் என அவர் கொஞ்சம் காத்திருந்து பார்த்தார். அவள் வளையல்களைச் சரிசெய்துகொண்டாள். அடங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்.

குச்சியைக் கிழித்தார். கம்பி சுற்றிய இடத்தில் காட்டினார். சாமிக்கு ஆரத்தி எடுப்பதுபோலக் குழாய் நெடுகக் கொண்டுபோனார். ஒன்றும் ஆகவில்லை. சுடர் விரலைத் தொடும் நேரத்தில் ஊதி அணைத்து, ஜன்னல் வழியே வீசினார்.

“பாத்துக்கிட்டீங்களா? ஒரு பொட்டு ஒழுகல. சோப்பும் வேணாம், சீயக்காயும் வேணாம். கைவேலை தெரியணும். கூடை சொமக்கிறவ கூடை சொமக்கலாம், கேஸு வச்சு ஆள முடியுமா லா?”

அவர் கையை நீட்டினார். சுப்பையன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் இடுப்பிலிருந்த சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தான்.

“நாளையிலேருந்து நீ பின்னால மாவாட்டு, தங்கச்சி. கல்லாவுல நான் ஒக்காந்துக்கிறேன். பேசுறது, கொள்றது எல்லாம் எங்கிட்ட.”

“சரிண்ணே” என்றாள் மல்லிகா. மறுபடி குனிந்து தோம்பின் திருகில் கை வைத்தாள்.

“தோம்ப இனிமேத்தான் தொறக்கப் போறேன். நீங்க அங்கயே ஒக்காந்து இன்னொரு குச்சி கிழிங்க.”

கணேசமூர்த்தி எழுந்தார். சாவியை முக்காலியின் மேல் வைத்தார். சுப்பையனை விலக்கிக்கொண்டு, பஸ்ஸை விட்டு இறங்கிப் போனார்.