தூண்டிவிட்ட ஆள்

"பொம்பளைங்களைத் தூண்டிவிட்டது யாரு? பேரைச் சொல்லு, அந்த ஆளை இன்னிக்கே வேலையை விட்டு நிறுத்திடறேன்" என்றார் மேனேஜர் ரெக்ஸ்.

மரக்காணம் உப்பளத்தில் காலையிலிருந்து ஒருத்தியும் பாத்தியில் இறங்கவில்லை. நிழலுக்கு ஒரு கொட்டகை போட்டால்தான் வேலை என்று வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அஞ்சலாட்சி மட்டும் அவர்களுக்காகப் பேச ஆபீசுக்குள் வந்திருந்தாள்.

"யாரும் தூண்டலன்னு மட்டும் சொல்லாத. தூண்டறதுன்னாலே விளக்குத் திரியைத் தள்ளிவிடறதுதான். ஒருத்தன் தள்ளாம திரி தானா மேல வராது."

"வாஸ்தவந்தாங்க. எண்ணெயும் திரியும் எங்களுது. தள்ளிவிட்டது வேற ஆளு."

"சங்கத்து ஆளா?"

"இல்லீங்க, நம்ம உப்பளத்து ஆளுதான். நேத்து உப்புக் குவியலுக்குக் கீத்து வேயறப்போ பக்கத்துல நின்னு போன்ல பேசினாரு. 'உப்பு மழையில நனைஞ்சா நஷ்டம். பொம்பளைங்க வெயில்ல காஞ்சா நமக்கென்ன நஷ்டம்'னு சிரிச்சாரு. நாங்க எல்லாரும் கேட்டோம்."

ரெக்ஸ் மேசைமேல் இருந்த தன் போனை மெல்லக் கவிழ்த்து வைத்தார்.

அஞ்சலாட்சி நகரவில்லை.

"அப்போ நாளைக்குப் புது மேனேஜர் வந்துடுவாருங்களா சார்?"