சென்றாயன் வாய் திறந்த நாள்

“ஏனுங்க, கொஞ்சம் மெதுவா நடங்க. கூட்டம் ஓடியா போயிரும்?” என்றாள் பாப்பாயி.

முன்னே சென்றுகொண்டிருந்த அவள் கணவன் சென்றாயன் நின்றான். மலைமேலுள்ள குண்டூர் நாட்டு உழவனாகிய அவன், நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறவாதவன். விடியுமுன் காட்டுக்குச் சென்றால் பொழுது சாய்ந்த பிறகே வீடு திரும்புவான். சந்தையில் மிளகு விற்கும்போதுகூட, விலையை வியாபாரியே சொல்லட்டும் என்று பேசாமல் நிற்பான். அத்தகையவன் அன்று சோளக்காட்டில் ஊரார் முன்னிலையில் எழுந்து பேச வேண்டியிருந்தது.

“பேசிருவீங்களா?”

“புள்ளைக்காகப் பேசித்தானே ஆவோணும், கண்ணு.”

சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் வந்து ஓராண்டு கழிந்திருந்தது. கடைகள் மூடப்பட்டனவேயன்றி, காட்டுக்குள் சாராயம் காய்ச்சுவது முற்றும் நிற்கவில்லை. சென்றாயன் வீட்டுக்கும் அது வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பொறாத அவன் தமக்கை பெருமாயி, தத்தி நடக்கும் அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தேவனூர் நாட்டிலுள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

“சோளக்காட்டுக் கூட்டத்துக்குப் போங்க. இந்த ஊட்ல குடி நின்னு போச்சுன்னு பொங்கியண்ணன் வாயால நான் கேக்கோணும். அப்புறந்தான் புள்ளை” என்று அவள் உறுதியாகச் சொல்லியிருந்தாள்.

பொங்கியண்ணன் அடிவாரத்துக் குடியானவர்; குடித்துக் கெட்டுப் பின்னர்த் திருந்தியவர். சந்தை கூடும் ஒவ்வொரு நாளும் சோளக்காட்டுக்கு மலையேறி வந்து, குடியை விட நினைப்பவர்களைப் பலாமரத்தடியில் கூட்டுவார். பஜனை நடக்கும், காப்பி கிடைக்கும், அதன்பின் ஒவ்வொருவராக எழுந்து தம் கதையைச் சொல்ல வேண்டும். ஆண்கள் முன்னே அமர்வார்கள். உடன் வந்த மனைவிமார் பின்னே அமர்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அன்றும் பஜனை முடிந்து காப்பி வந்தது. சென்றாயன் இரண்டே மடக்கில் குடித்தான். பாப்பாயி வேண்டாமென்று தலையசைத்தாள். அவள் கைகள் முந்தானைக்குள் இருந்தன.

“புதுசா வந்தவரு எந்திரிங்க. வெக்கப்படாதீங்க. இங்க உக்காந்திருக்கறவன் பூராவும் வரப்புல உருண்டவந்தான்” என்றார் பொங்கியண்ணன்.

சென்றாயன் எழுந்தான். மேல்துண்டை இடுப்பில் கட்டினான், அவிழ்த்தான், மீண்டும் கட்டினான்.

“உடம்பு வலிக்கு மருந்துன்னு எங்கம்மா ஊத்திக் குடுத்துதுங்க. பாவம், நல்லதுக்குத்தான் குடுத்துது. அதுல ஆரம்பிச்சுதுங்க.”

“அட, நமக்கு இப்படியொரு அம்மா வாய்க்கலையே!” என்றான் முன்வரிசையிலிருந்த அர்த்தனாரி. சிரிப்பு எழுந்தது.

“நீ சும்மா இரப்பா. நீங்க சொல்லுங்க. எங்க ஒளிச்சு வெப்பீங்க?” என்றார் பொங்கியண்ணன்.

சென்றாயன் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் தலை குனிந்தாள்.

“தவுட்டுப் பானைக்குள்ளீங்க.”

“எப்பக் குடிப்பீங்க?”

மறுபடியும் திரும்பினான். “பகல்லதானுங்க. ஊட்ல ஆருமில்லாதப்ப.”

“ஏனுங்க, குடிச்ச கதையைச் சொல்றதுக்கும் ஊட்டுக்காரிகிட்ட உத்தரவு வாங்கோணுமா?” என்றான் அர்த்தனாரி.

“அவளைக் கேக்காம நான் ஒண்ணும் செய்யறதில்லீங்க” என்றான் சென்றாயன். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பொங்கியண்ணனும் சிரித்துவிட்டுக் கேட்டார்: “சரி, இப்ப விட்டுரோணும்னு என்னத்தால தோணுச்சு?”

சென்றாயன் மேல்துண்டின் நுனியைப் பற்றிக்கொண்டான்.

“அடுப்புல உலை கொதிச்சுதுங்க. புள்ளை தத்தித் தத்தி அதுகிட்டப் போயிருக்குது. பக்கத்துலயே படுத்திருந்தும் தெரியலீங்க, அத்தனை போதை. எங்கக்கா அந்நேரத்துக்கு ஊட்டுக்குள்ள வரலைன்னா...”

ஒருவரும் சிரிக்கவில்லை. பொங்கியண்ணன் பெண்கள் பக்கம் பார்த்தார்.

“அப்ப உங்க சம்சாரம் எங்க போயிருந்தாங்க? குடிச்சவங்ககிட்டப் புள்ளையை உட்டுட்டுப் போலாமுங்களா?”

“அவளை ஒண்ணும் சொல்லாதீங்க!” என்று பதறினான் சென்றாயன். “என்னைத் திட்டுங்க. எத்தனை வேணும்னாலும் திட்டுங்க.”

“திட்டலீங்க. எங்க போயிருந்தாங்கன்னுதான் கேக்கறேன்.”

இம்முறை சென்றாயன் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பின்வரிசையில் பாப்பாயி எழுந்து நின்றாள்.

“நான் எங்கியும் போகலீங்க. அடுப்புகிட்டப் படுத்துக் கிடந்ததே நான்தானுங்க, அவரு அப்பக் காட்டுல களை வெட்டிக்கிட்டு இருந்தாரு, சாராயத்தை மோந்துகூடப் பாத்ததில்லீங்க” என்றாள். “அடுத்த சந்தையிலிருந்து அவரு பேச வேண்டாமுங்க, நானே பேசறேன்.”