மாஸ்டர் அனுப்பிய கோப முகம்

காலை ஒன்பதரைக்கு இந்துமதியின் போனில் வந்து விழுந்தது அந்தக் கோப முக எமோஜி. கூட ஒரு வார்த்தை கிடையாது. அனுப்பியவர் சாயப்பட்டறை மாஸ்டர் வெள்ளியங்கிரி.

"போச்சுங்க்கா! நேத்து நாங் கத்துனதுக்கு இன்னைக்குத் திருப்பிக் குடுத்துட்டாரு" என்று பக்கத்து சீட்டு ஜோதிகாவிடம் போனை நீட்டினாள்.

ஜோதிகா தூத்துக்குடிக்காரி. போனில் வரும் முகங்களுக்குப் பலன் சொல்வதில் அந்த பனியன் கம்பெனிக்கே ஆஸ்தான ஜோசியர்.

"ஏட்டி, புருவத்த மட்டும் நெரிச்சா செல்லக் கோவம். மூக்குல புகை விட்டா ரோசம். இது செவந்த மூஞ்சில்லா? வெட்டுப்பழி, குத்துப்பழி!"

தனியாக இந்துமதியை நம்பிக் கொடுத்த முதல் ஆர்டர் இது. மூன்று நிறத்தில் டி-ஷர்ட்; சிவப்புத் துணி மட்டும்தான் பாக்கி. இன்று வராவிட்டால் ஆர்டரை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவேன் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்தப் பதற்றத்தில்தான் நேற்று, "உங்களுக்குத் தொழில் தெரியுமா தெரியாதாங்க?" என்று கேட்டுவிட்டாள். முப்பது வருஷமாகச் சாயம் போடுகிற மனிதரிடம்! புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

"முன்னாடியே அவருக்கு ஒன்னப் பிடிக்கல போலட்டி. திங்கக்கெழம பச்சைத் துணி வந்துச்சே, அன்னைக்கு என்ன அனுப்புனாரு?"

"கொமட்டுற மூஞ்சிங்க்கா."

"அப்புறம்?"

"புதங்கெழம நீலத் துணி வந்தன்னைக்கு, குளுர்ல நடுங்கற மூஞ்சி."

"பாத்தியா! கொமட்டுதுன்னாரு, நடுங்குதுன்னாரு, இப்ப கொதிக்காரு. பேசாம போய் கால்ல விழுந்துரு."

போன் போட்டால் மாஸ்டர் எடுக்கவில்லை. அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கி ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டு பட்டறைக்குப் பறந்தாள்.

மாஸ்டர் வாசலிலேயே டீ குடித்துக்கொண்டிருந்தார். இவளைக் கண்டதும் சிரித்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

"தப்புத்தானுங்க மாஸ்டர். நேத்துப் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க. எம்மேல கோவமிருந்தா நாலு வார்த்தை திட்டிப்போடுங்க. செவப்புத் துணிய மட்டும் இன்னைக்குச் சாயம் போட்டுக் குடுத்துருங்க!" சொல்லி முடிப்பதற்குள் அழுதே விட்டாள்.

மாஸ்டருக்கு ஒன்றும் புரியவில்லை.

"எனக்கென்ன கோவம் அம்மிணி? உங்க துணி காத்தாலயே வண்டியேறிப் போயிருச்சே. ரெடின்னு போனுல போட்டு உட்டனே, பாக்கலீங்ளா?"

"ரெடின்னு எங்கீங்க போட்டீங்க? கோவ மூஞ்சியல்ல வந்துச்சு!"

மாஸ்டர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எனக்குப் போனுல எழுத வராதுங்க. பச்சைக்குப் பச்சை மூஞ்சி, நீலத்துக்கு நீல மூஞ்சி போட்டனுங்களே. செவப்புத் துணிக்குச் செவப்பு மூஞ்சி போடாம, வேற எந்த மூஞ்சியப் போடறதுங்க?"