எல்லப்பன் சிரித்தபடி போனான்

இரண்டு கஜம் நார்க்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் அந்த ஆள் காத்திருந்தார். பிரதீபா இரண்டடி தள்ளியே நின்றாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அவளைத் திட்டி ஆயிரத்துச் சொச்சம் பேர் எழுதிவிட்டார்கள். கயிற்றோடு நேரில் வந்தவர் இவர்தான்.

சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டே, செல்போன் செயலி ஒன்றில் வாராவாரம் தொடர்கதை எழுதுகிறாள் பிரதீபா. போன வாரம் கதாநாயகன் எல்லப்பனைச் சாகடித்துவிட்டாள்.

நிரம்பிய ஏரியின் உபரித் தண்ணீர் வழிந்தோடும் கலங்கலை ஏழு பேர் ஒரே நார்க்கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள். கயிற்றின் கடைசி முனை எல்லப்பனின் இடுப்பில். வெள்ளம் அவனைச் சாய்க்கிறது. அவன் பாரம் மற்ற ஆறு பேரையும் இழுக்கிறது. முடிச்சைத் தானே அவிழ்த்துவிட்டு, சிரித்தபடி தண்ணீரோடு போகிறான். அந்த ஒரு பக்கத்தைப் பதினோரு தடவை திருத்தி எழுதியிருந்தாள்.

"என் பேரு துரை மேடம். செய்யூர்ப் பக்கம். இங்க கம்பெனி வேன் ஓட்டறேன்." எழுந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். "டீ குடிக்க இங்கதான் வருவீங்கன்னு உங்க டீம் பிரவின்குமார் சார் சொன்னாரு. அந்தச் சாவு சரியில்ல. மாத்துங்க."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க." எரிச்சலை அவள் மறைக்கவில்லை. பத்து நிமிடத்தில் மீட்டிங் வேறு. "எல்லப்பன் உயிரோட திரும்பி வரணும், அதானே? வர மாட்டான் சார். நூறு வாரமா அடுத்தவங்களுக்காகவே வாழ்ந்தவன், வேற எப்படிச் சாவான்? அந்தச் சாவுலதான் கதையே நிக்குது."

"சாவட்டும் மேடம், நான் வேணாங்கல. அவனே அவுத்துகினு போனான்னு எழுதிக்கீறீங்களே, அது இன்னாத்துக்கு?"

"அதுதானே தியாகம்?"

துரை கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"எங்க ஊர்ல செங்கம்மான்னு ஒரு அம்மா. அதுக்குப் படிக்கத் தெரியாது. உங்க கதைய வாராவாரம் நான்தான் போன்ல பாத்துப் படிச்சுக் காட்டுவேன். அது வூட்டுக்காரரும் வெள்ளத்துல போனவரு. வெள்ளிக்கெழமையில இருந்து அதுக்குச் சோறு எறங்கல. 'பொண்டாட்டி புள்ள நெனப்பு ஒரு நிமிசம் வந்திருந்தா முடிச்ச அவுத்திருப்பானா, எங்கள வேணாம்னுதானே அவரும் போயிருக்காரு'னு கேட்டுகினே கீது. நான் இன்னான்னு சொல்றது?"

பிரதீபாவுக்குக் கோபம்தான் வந்தது.

"சார், இது கதை. ஆளாளுக்கு ஒரு கஷ்டம் இருக்கும். எல்லாருக்கும் தகுந்த மாதிரி நான் மாத்தி எழுதிட்டிருக்க முடியுமா?"

துரை கடைக்காரரிடம் ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் கயிற்றை நனைத்தார். பெஞ்சுக் காலில் முடிச்சுப் போட்டு, மறுமுனையைப் பிடித்து உடம்பின் பாரம் மொத்தத்தையும் சாய்த்து இழுத்தார்.

"இப்ப அவுருங்க. ஒரு கையாலதான். இன்னொரு கை தண்ணில அடிச்சுகினு இருக்கும்."

சிகரெட்டும் டீயுமாக நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் போனை எடுத்துவிட்டார்கள். வெட்கமும் ஆத்திரமுமாக பிரதீபா குனிந்தாள். ஒரு கையால் முயன்றாள். அப்புறம் இரண்டு கையாலும். நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"நனைஞ்ச நாரு உப்பிக்கும் மேடம். இழுக்க இழுக்க இறுகும். எந்த மனுசனாலயும் அவுக்க முடியாது."

"சரி, முடியாதுதான்!" அவள் குரல் உயர்ந்துவிட்டது. "ஆனா இது ஒண்ணும் என் கற்பனை இல்ல. பத்து வருஷத்துக்கு முன்னாடி உங்க செய்யூர்ப் பக்கமே நடந்தது. ஏகாம்பரம்னு ஒருத்தர். பஸ் ஸ்டாப் நிழற்குடைக்குக்கூட அவர் பேரை வச்சிருக்காங்க. அந்தச் செய்தி வந்த பேப்பர் துண்டை இன்னும் பத்திரமா வச்சிருக்கேன். அவரே முடிச்சை அவுத்தாரு, சிரிச்சுக்கிட்டே போனாருன்னு அவருக்கு முன்னாடி கயித்தைப் பிடிச்சிருந்த ஆளே சொல்லியிருக்காரு. கண்ணால பாத்தவர் சொன்னது பொய்யா?"

துரை கயிற்றை விட்டார். உட்கார இடம் தேடுபவர் போலப் பின்னால் கையை நீட்டித் துழாவி, பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அந்த ஏகாம்பரம்தான் செங்கம்மா வூட்டுக்காரரு," என்றார். "அவரு சிரிக்கல மேடம். 'வுட்றாதடா தொரை, புள்ளைங்க சின்னதுங்கடா'ன்னு கத்தினாரு. அந்த வார்த்தைய நான் இன்னிவரைக்கும் செங்கம்மாகிட்ட சொல்லல."

பிரதீபாவின் போன் மீட்டிங்குக்காக அடித்துக்கொண்டே இருந்தது. அவள் எடுக்கவில்லை.

"அப்போ... முடிச்சை யாரு அவுத்தது?"

"யாரும் அவுக்கல மேடம். நான்தான் அறுத்தேன்."