ஆமாம்சாமிக்குப் பதவி உயர்வு

"இன்னையிலேர்ந்து நம்ம புரொடக்‌ஷன் மேனேஜர், சென்சார் பிரிவுக்காரர்தான்!" என்று அறிவித்தார் எம்.டி.

கைதட்டல் எழுந்தது. மேனேஜரான தலை மட்டும் பணிவாக மேலும் கீழும் ஆடியது.

"ஆமாம்சாமிக்கு அடிச்சது பாரு யோகம்!" என்று பல்லைக் கடித்தாள் லென்ஸ். நல்லவேளை, மைக்கை அணைத்து வைத்திருந்தாள்.

லென்ஸ் என்பது அவள் பெயரல்ல, வேலை. வி.ஆர். ஹெட்செட் தயாரிக்கும் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் அப்படித்தான். பேட்டரி மாட்டுகிறவன் பேட்டரி. கண்ணை ஒட்டி இருக்கும் குட்டித் திரைகளைத் தூரத்துக் காட்சியாக மாற்றிக் காட்டும் வில்லைகளைப் பொருத்துகிற இவள் லென்ஸ். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்டுபிடிக்கும் சென்சாரைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மட்டும் ஆமாம்சாமி என்று பட்டப்பெயர்.

சும்மா வந்த பெயரில்லை.

எம்.டி. வீட்டிலிருந்தபடியே கூட்டம் நடத்துவார். ஊழியர்கள் ஆளுக்கொரு மூலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். கம்ப்யூட்டர் வேண்டாம், வயர் வேண்டாம். சிப், பேட்டரி, ஸ்பீக்கர், அறையை நோட்டம் விடும் கேமரா எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடக்கம். மாட்டியதும் கண்ணெதிரே ஒரு பளிங்கு மண்டபம் விரியும். அதில் எல்லோரும் பொம்மைகளாக உட்கார்ந்திருப்பார்கள். இங்கே இவர்கள் தலையை ஆட்டினால் அங்கே பொம்மையும் ஆட்டும்.

"மூளை பெட்டிக்குள்ளயே இருக்கு. மாட்டிக்கிறவனுக்குத் தனியா வேற எதுக்கு?" என்பான் பேட்டரி.

இன்றைய கூட்டத்திலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமையும் வேலை என்றார் எம்.டி. ஆமாம்சாமியின் தலை ஆடியது. இடைவேளை ரத்து என்றார். ஆடியது. ஹெட்செட் கனக்கவில்லை, வாங்குகிறவர்களுக்குத்தான் கழுத்தில் பலமில்லை என்றார். அதற்கும் ஆடியது.

லென்ஸ் மைக்கைத் திறந்தாள். "சார், எங்கம்மாவுக்கு இன்னைக்குச் சாயங்காலம் இடுப்பு ஆபரேஷன். அரைநாள் லீவு கிடைச்சா..."

"மாசக் கடைசியில லீவா? உங்க பெட்டியெல்லாம் யாரு முடிப்பா? ஒருத்தருக்குக் கொடுத்தா எல்லாரும் வரிசையில வந்து நிப்பீங்க. நான் சொல்றது நியாயம்தானே?"

மண்டபத்தில் யாரும் அசையவில்லை. ஒரு தலை மட்டும் ஆடியது.

லென்ஸ் ஹெட்செட்டைப் பிடுங்கிக் கழற்றினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி அந்த ஆளை நேரில் நாலு கேள்வி கேட்டுவிட வேண்டும். பெட்டியைக் கையில் பிடித்தபடி சென்சார் அறைக்கு விறுவிறுவென்று நடந்து கதவைத் தள்ளினாள்.

உள்ளே ஆளில்லை.

சோதனை மெஷினில் இரண்டு ரப்பர் தலைகள் இருந்தன. புது ஹெட்செட்டை மாட்டி ஆட்டிப் பார்ப்பதற்காக மோட்டார் கழுத்தில் வைத்தவை. ஒன்று சும்மா நின்றது. இன்னொன்றின் முகத்தில் ஆமாம்சாமியின் ஹெட்செட். கழுத்து மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது.

"இவரைப் பாருங்க! இதுக்குப் பேருதான் விசுவாசம்!" என்று ஸ்பீக்கரிலிருந்து எம்.டி.யின் குரல் கசிந்தது.

ரப்பர் தலை அடக்கத்தோடு ஆமோதித்தது.

லென்ஸுக்குக் கோபம் இரட்டிப்பானது. "நம்மையெல்லாம் மாட்டிவிட்டுட்டு எங்கே போய்த் தூங்குது அந்த ஆளு?"

தேடிக்கொண்டே பொருத்தும் கூடத்துக்கு வந்தாள். கூடம் வெறிச்சோடிக் கிடந்தது. அவளுடைய மேஜையில் மட்டும், தொப்பியும் முகமூடியுமாக ஒருவர் குனிந்திருந்தார். ஒரு வில்லையைக் காற்றடித்துத் தூசி போக்கி, பதமாக உள்ளே வைத்து அழுத்தினார்.

"வாங்கம்மா" என்றார் ஆமாம்சாமி, நிமிராமலே. "அம்மாவுக்கு ஆபரேஷன்னு காலையில பேட்டரி சொன்னான். எம்.டி.கிட்ட கேட்டா கிடைக்கவா போகுது? உங்க வேலை கொஞ்சம்தான் பாக்கி. நான் முடிச்சுடறேன், நீங்க கிளம்புங்க."

லென்ஸ் சென்சார் அறைப் பக்கம் கை காட்டினாள்.

"சார்... அங்கே... அந்தத் தலை..."

"அதுவா? போன வருஷம் ஒரு மீட்டிங்ல முடியாது சார்னு சொன்னேன். மறுநாளே என் பிரிவுல ரெண்டு பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாரு. எனக்கு ஆமாம்னு ஆட்ட வராதும்மா. அதுக்கு நல்லா வருது. அதை அங்கே உக்கார வச்சுட்டு, யார் மேஜையில வேலை தேங்கிக் கிடக்கோ அங்கே வந்து உக்காந்துடுவேன்."

"உங்களை மேனேஜர் ஆக்கிட்டாரு சார்!"

அவர் கை அப்படியே நின்றது. "என்னையா? எப்போ?"

"இப்பதான். மீட்டிங்ல."

"அடடா, எனக்கு யாருமே சொல்லலையே!" என்றவர் ஒரு கணம் யோசித்தார். "மேனேஜர்னா லீவு கொடுக்கலாம்ல?"

"கொடுக்கலாம் சார்."

"அப்போ கொடுத்தாச்சு. அம்மா எழுந்து நடக்கற வரைக்கும் கூட இருந்துட்டு வாங்க. ஓடுங்க!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடியவள், சென்சார் அறை வாசலில் சட்டென்று நின்றாள்.

"லென்ஸ் பிரிவுல என்ன, தலை தொங்கிக் கிடக்கு?" என்று உள்ளே எம்.டி. கத்திக்கொண்டிருந்தார்.

லென்ஸ் உள்ளே போனாள். தன் ஹெட்செட்டைக் காலியாக இருந்த ரப்பர் தலையில் இறுக்கி மாட்டிப் பொத்தானை அழுத்தினாள்.

இரண்டு தலைகளும் சேர்ந்து ஆடின.

"பாத்தீங்களா! லென்ஸும் திருந்திட்டாங்க!" என்று பூரித்தார் எம்.டி. "நம்ம கம்பெனிக்கு இந்த மாதிரி தலைங்கதான் வேணும்!"