ஆறு மட்டும் பாக்கி

சாயம் சொட்டிவிடக் கூடாதென்று மரப்படியைத் தூக்கி வெளியே வைத்த பிறகுதான், தான் இன்னும் தொட்டிக்குள்ளேயே நிற்பது பெயின்டருக்கு உறைத்தது.

ஞானஸ்நானத் தொட்டி. சபை மேடைக்குப் பின்னால், ஆளை முழுசாக முக்கி எடுக்கக் கட்டியது. இப்போது காய்ந்து கிடந்தது. விளிம்பு அவர் தாடைக்கு நின்றது.

கையை ஊன்றி எம்பினார். கை சம்மதித்தது, தொப்பை சம்மதிக்கவில்லை.

பச்சை டப்பா மேல் ஏறிப் பார்த்தார். மூடி சரியாக மூடவில்லை. முழங்கால் வரை பச்சையானதுதான் மிச்சம்.

வலது பக்கம் டைல்ஸ், இடது பக்கம் டைல்ஸ், திரும்பினால் டைல்ஸ். எதிரே, விளிம்புக்கு மேல், சுவர் முழுக்க அவர் வரைந்த கிராமம். மலை, சரிவில் ஆடுகள், அறுப்புக்கு நிற்கும் வயல், களத்தில் அவிழ்த்துவிட்ட வண்டி. நடுவில் வளைந்து வளைந்து இறங்கி, அவர் மூக்குக்கு நேரே தொட்டியில் வந்து முட்டும் ஒரு வெள்ளைப் பட்டை.

அதுதான் ஆறு. அதை மட்டும் இன்னும் வரையவில்லை.

தொட்டி நிரம்பினால் அந்த ஆறே இறங்கி வந்த மாதிரி இருக்க வேண்டும் என்பது பாஸ்டரின் ஆசை. நாளைக் காலை அதில் முதலில் இறங்கப்போவது பெயின்டரின் மனைவி.

கிராமக் காட்சி என்றால் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் கொஞ்ச காலமாக அவர் கிராமங்களில் ஒரே வறட்சி. பல் டாக்டர் குளம் கேட்டார். எருமைகளை நெருக்கி நிறுத்தி, குளமே தெரியாமல் பார்த்துக்கொண்டார். சலூன்காரர் அருவி கேட்டார். அவருக்கு மூடுபனி கிடைத்தது.

இந்தப் பட்டையை மறைக்க ஆடு போதாது. அதையும் யோசித்துப் பார்த்துவிட்டார்.

பாஸ்டர் தலையை நீட்டினார். "இறங்கி வேலை செய்றீங்க பிரதர், சந்தோஷம். ஆறு மட்டும்தான் பாக்கி போல."

"இதோ" என்று தூரிகையை அசைத்தார் பெயின்டர். படியை எடுத்துக் கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை. பச்சையாகாமல் மிச்சமிருந்தது மானம் ஒன்றுதான்.

பாஸ்டர் போனார். கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தொட்டிக்குள் நின்று கேட்டால் அந்தச் சத்தம் கொஞ்சம் நீளமாகத்தான் கேட்கிறது.

பிறகு மனைவி வந்தாள். ஒரு கையில் ஃப்ளாஸ்க். மறு கையில் நாளைக்கு உடுத்தவேண்டிய வெள்ளை அங்கி, இஸ்திரி மடிப்பு கலையாமல்.

வெளியே கிடந்த படியைப் பார்த்தாள். உள்ளே கிடந்த புருஷனைப் பார்த்தாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் இதைவிடப் பெரிய கூத்தெல்லாம் பார்த்தவள்.

"காலு என்ன, வயல்ல இறங்கிட்டீங்களா?"

"புல்லு தடுக்கிடுச்சு."

அவள் சிரிக்கவில்லை. மூலையில் நீல டப்பா, மூடிகூடத் திறக்காமல் இருந்தது. அதையும் பார்த்தாள்.

"படியைப் போடட்டுமா, ஆத்தை முடிச்சிட்டு வர்றீங்களா?"

அவர் தூரிகையைத் துணியில் துடைத்தார்.

ஞாயிறு தவறாமல் அவளைச் சபை வாசல் வரை கொண்டுவந்து விடுபவர் அவர்தான். பாடட்டும், அழட்டும், மண்டியிடட்டும். இந்தத் தொட்டி மட்டும் எதற்கு என்று, அவள் பேர் கொடுத்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு தடவை 'கர்த்தருக்குச் சித்தம்' என்றாள். ஒரு தடவை 'உங்களுக்குப் புரியாது' என்றாள். மற்ற நேரமெல்லாம் 'அடுப்பை அணைச்சீங்களா' என்றாள்.

கேட்டுவிட்டு அவரும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இன்று கிளம்ப வழியில்லை. அவளும் போகவில்லை.

"தலையில நாலு சொட்டு தெளிச்சா உங்க சாமி வேணாம்னா சொல்லப்போறாரு? எதுக்குடி முங்கணும்?"

அவள் விளிம்பில் உட்கார்ந்தாள். அங்கியை மடியில் வைத்துக்கொண்டு, காலைத் தொட்டிக்குள் தொங்கவிட்டாள். சுவரில் அந்த வெள்ளைப் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்ம பையன் முங்கினான், எந்திரிக்கல. நான் முங்கி எந்திரிக்கணும்ங்க."