மூன்று நிமிட வித்தியாசம்

லேப்டாப் நாற்பத்து நான்கு நிமிடம் எடுத்துக்கொண்டது.

இதே வேலையை சிவாஜிநகர் வீட்டில் இருக்கும் என் பழைய டெஸ்க்டாப் நாற்பத்தொரு நிமிடத்தில் முடிக்கும். இன்னும் கட்டாத அபார்ட்மென்ட், அதன் ஹாலில் யாரும் வாங்காத சோபா, ஜன்னல் வழியாக வெயில். கட்டடக் கம்பெனிகளுக்கு இப்படிக் கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு.

மூன்று நிமிடம். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனேக்கல்லில், மாமியார் வீட்டு ஹாலில், பாயில் உட்கார்ந்து அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். லேப்டாப் வாங்கியது நேற்று. எதிரே என் மனைவி ஜோவிதா, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ராகிக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் பிரசவத்துக்கு இங்கே கிளம்பும்போது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஒரு லேப்டாப் வாங்கிக்கினு நீங்களும் வந்துடுங்களேன். அங்க இருந்தே வேல செய்யலாம் இல்ல?"

நான் வாங்கவில்லை. விளக்கினேன். விளக்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

டெஸ்க்டாப்பில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு எட்டு வருடம் பழசுதான். ஆனால் செங்கல் மாதிரி இருக்கும், மூன்று ஃபேன் ஓடும், வேண்டிய மட்டும் கரண்ட் இழுக்கும். லேப்டாப்பில் வருவது புதுசு. ஆனால் அந்த ஒல்லி உடம்புக்குள் சூடு தாங்காது, வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புது மாடல் நம்பரைப் பார்த்து ஏமாறக் கூடாது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு ஒரு அட்டவணையே செய்து அவளுக்கு அனுப்பினேன்.

ஏழு மாத வயிற்றோடு அதை முழுக்கப் படித்தாள். "சரி" என்று பதில் போட்டாள். ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு சந்தோஷப்பட்டேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு இங்கே இரண்டே தரம் வந்தேன். பாப்பா பிறந்த அன்று ஒரு தரம், ஞானஸ்நானத்துக்கு ஒரு தரம்.

ஆனேக்கல் ஒன்றும் லண்டன் இல்லை. இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். ஆனால் திங்கட்கிழமை காலையில் கம்பெனிக்குப் படம் போயாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லாம் டெஸ்க்டாப் முன்னாலேயே கழிந்தது. பாப்பா பிறந்த ஐந்தாம் மாதம் வீட்டுக்குத் திரும்பி வருகிறேன் என்றாள். பெரிய ப்ராஜெக்ட், கொஞ்சம் பொறு என்றேன். பொறுத்தாள். பாப்பாவுக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது.

இப்போதுதான் புத்தி வந்தது. ஒரு மாதம் இங்கேயே இருந்து வேலை பார்ப்பது, பாப்பா என்னோடு ஒட்டிக்கொண்டதும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவது என்று திட்டம்.

லேப்டாப்பை மூடிவிட்டுக் கையை நீட்டினேன். "வாடா கண்ணு, அப்பாகிட்ட வா."

பாப்பா என்னைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. ஜோவிதாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீறிட்டாள்.

"புது ஆளப் பாத்தா இப்டிதான் மாப்ள, பழகிடுவா" என்று மாமியார் சமையலறையிலிருந்து சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

அழுகை நின்றது, ஆனால் கஞ்சி இறங்கவில்லை. ஸ்பூன் கிட்டே போகும்போதெல்லாம் தலையைத் திருப்பி, நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேனா என்று பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் அழுதாள்.

ஜோவிதா கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஏழு. அவள் கோபமாகச் சொல்லவில்லை. உப்பை எடுத்துக் கொடுங்கள் என்பது போலத்தான் சொன்னாள்.

"உள் ரூமுக்குப் போயி, தினமும் பண்ற மாதிரி வீடியோ கால் பண்ணுங்க. போன்ல உங்க மூஞ்சியப் பாத்தாதான் சாப்பிடுவா."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். கட்டிலில் உட்கார்ந்து அழைத்தேன்.

பாப்பா சிரித்தாள். சிரிப்பு முதலில் சுவர் வழியாகக் கேட்டது, அப்புறம் போனில் கேட்டது. திரைக்குள் இருந்த என்னிடம் வருவதற்கு இரண்டு கையையும் நீட்டினாள்.

"ஆ சொல்லு" என்றேன். சமர்த்தாக வாயைத் திறந்தாள்.

கிண்ணம் காலியாகும் வரை நான் வெளியே வரவில்லை.